குவைத்துக்குப் போன அம்மாவும் கெய்ரோ மாநாடும்

மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாராம். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "சனத்தொகை, குடிப்பெயர்வு, அபிவிருத்தி பற்றி ஐ.நா. மாநாடுகள், உடன்படிக்கைகள் என்று நிறையப் படிக்கிறோம். என் அம்மா 2 தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர். கடைசித் தடவை 7 மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. இப்போது திரும்பவும் போகப்போகிறேன் என்கிறார். இந்த உடன்படிக்கைகளால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஏதாவது நடந்திருக்கிறதா, அல்லது இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?"

மகள், நீங்கள் கேட்டதை நான் 2 நாள் மனதில் வைத்திருந்தேன். பிரதேச செயலகத்தில் பல வருஷம் வேலை செய்தபோது உங்கள் அம்மாவைப் போன்ற எத்தனையோ பேருடைய கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதனால் புத்தகத்தில் இருப்பதையும் மேசையில் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நடந்திருக்கிறது. ஆனால் நடக்க வேண்டிய அளவுக்கு நடக்கவில்லை. ஆளை அனுப்புகிற நாடுகள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டன, ஆளை வேலைக்கு எடுக்கிற நாடுகள் வேறு தாள்களில் போட்டன. இரண்டு பக்கமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட இடங்களில்தான் ஓரளவு மாற்றம் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குப் போவோம்.

ஐ.நா. தொடங்கிய கையோடு, 1946இலேயே சனத்தொகை ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். 1954இல் ரோமிலும் 1965இல் பெல்கிரேட்டிலும் நடந்தவை நிபுணர்களின் கூட்டங்கள். அரசுகள் நேரடியாக உட்கார்ந்து பேசிய முதல் மாநாடு 1974இல் புக்கரெஸ்ட்டில் நடந்தது. அங்கேதான் பெரிய சண்டை. பிள்ளைப் பேற்றைக் குறையுங்கள், வறுமை குறையும் என்றன பணக்கார நாடுகள். முதலில் வறுமையைக் குறையுங்கள், பிள்ளைப் பேறு தானாகக் குறையும் என்றன ஏழை நாடுகள். அபிவிருத்திதான் மிகச் சிறந்த கருத்தடை என்று இந்தியாவின் சார்பில் கரண் சிங் சொன்னது அங்கேதான். 1984இல் மெக்சிகோ நகரத்தில் அடுத்த மாநாடு நடந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு முக்கியமானது 1994 செப்டம்பரில் கெய்ரோவில் நடந்தது. 179 நாடுகள் ஒரு செயற்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. அதுவரை சனத்தொகை என்றால் எண்ணிக்கை, இலக்கு, வீதம் என்றே பேச்சு. கெய்ரோவில் அந்தப் பேச்சு ஆளின் பக்கம் திரும்பியது. எத்தனை பிள்ளை, எப்போது பெறுவது என்பதைத் தாயும் தகப்பனும் தாங்களே தீர்மானிக்க வேண்டும், பெண் பிள்ளை படிக்க வேண்டும், தாய் பிரசவத்தில் சாகக்கூடாது. இவை நடந்தால் எண்ணிக்கை தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்பது அங்கே எடுத்த நிலைப்பாடு.

நமக்கு இது புதுப் பாடமில்லை. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போன மிட்வைஃப்மாரை எனக்குத் தெரியும். ஒருவர், துறையில் தோணிக்குக் காத்திருந்தபடி, தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் ஐஸ் கரைந்துவிடும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. கெய்ரோவில் எழுதியதை அவர் படித்திருக்கமாட்டார். ஆனால் அங்கே எழுதியது அவரைப் போன்றவர்கள் செய்து காட்டிய வேலையைத்தான். சுனாமிக்குப் பிறகு ஐ.நா. சனத்தொகை நிதியம் கிழக்கில் பெண்களுக்கான சுகாதாரப் பொதிகளோடு வந்தபோதும், அனர்த்த நேரத்திலும் பிரசவமும் மாதவிடாயும் நிற்காது என்ற அந்தக் கெய்ரோ நினைப்பே அதற்குப் பின்னால் இருந்தது.

கெய்ரோ செயற்திட்டத்தின் 10ஆம் அத்தியாயம் முழுக்கச் சர்வதேசக் குடிப்பெயர்வைப் பற்றியது. அதில் ஒரு சொல்லுக்காகக் கடும் விவாதம் நடந்தது. வேலைக்குப் போனவர் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதை ஓர் உரிமை என்று எழுத வேண்டும் என்று அனுப்பும் நாடுகள் கேட்டன. எடுக்கும் நாடுகள் மறுத்தன. கடைசியில் உரிமை என்ற சொல் போய், குடும்பம் ஒன்றுசேர்வது மிக முக்கியமானது என்ற அளவில் நின்றது. ஒரு சொல்தானே என்று நினைக்கவேண்டாம். உங்கள் அம்மா குவைத்தில் இருந்த காலத்தில் நீங்கள் அவரைக் கைபேசித் திரையில் மட்டும் பார்த்தீர்கள் அல்லவா, அந்த இடைவெளி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, இனித் தொழிலாளருக்கு வருவோம். 1990 டிசம்பர் 18ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை ஒரு சமவாயத்தை ஏற்றது. புலம்பெயர் தொழிலாளர்கள் எல்லாருடையவும் அவர்களின் குடும்பத்தினருடையவும் உரிமைகளைப் பாதுகாக்கும் சமவாயம். டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினமானது இதனால்தான். அதைப் படித்துப் பார்த்தால் உங்கள் அம்மாவை முன்னால் உட்காரவைத்து எழுதியது போலவே இருக்கும். கடவுச்சீட்டைப் பறித்து வைக்கக்கூடாது. உழைத்த பணத்தை ஊருக்கு அனுப்பத் தடை போடக்கூடாது. வேலை நேரம், ஓய்வு, சம்பளம் ஆகியவற்றில் அந்த நாட்டவருக்கு உள்ளதைவிடக் குறைவாக நடத்தக்கூடாது. இலங்கை 1996இலேயே இதில் சேர்ந்துவிட்டது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வர 2003 ஜூலை ஆகிவிட்டது.

இன்றைக்கு அதில் இருப்பவை சுமார் 60 நாடுகள். பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ், இந்தோனேசியா, மொரோக்கோ, மெக்சிகோ என்று பட்டியல் போகிறது. பெரும்பாலானவை ஆள் அனுப்பும் நாடுகள். குவைத் இல்லை, சவூதி இல்லை, கட்டார் இல்லை. மேற்கு ஐரோப்பாவின் பணக்கார நாடுகளும் இல்லை. நம்மூரில் வயல் குத்தகை எழுதும்போது வயலில் வேலை செய்யும் முல்லைக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வயல் சொந்தக்காரரான போடியார் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் அந்தத் தாளுக்கு என்ன பெறுமதி இருக்கும்? இந்தச் சமவாயத்தின் நிலையும் அதுதான். நான் இதைக் கோபத்தோடேயே சொல்கிறேன். 30 வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஒரு கையெழுத்தை வாங்க முடியவில்லை என்பது உலக நாடுகளுக்கு நல்ல பெயர் தரக்கூடிய காரியமல்ல.

ஆனாலும் அதோடு கதை முடியவில்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 189ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் செய்கிற வேலையும் வேலைதான், அதற்கும் நேரக் கணக்கும் விடுமுறையும் ஒப்பந்தமும் வேண்டும் என்று உலக அளவில் சட்டமொழியில் சொன்னது அதுதான். பிலிப்பைன்ஸ் அடுத்த வருஷமே அதை உறுதிப்படுத்தியது. வளைகுடா நாடுகள் அதிலும் சேரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவர்களுடைய வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. 2015இல் குவைத் தன் சொந்தச் சட்டமாக 68ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை, வேலை முடிந்து போகும்போது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், கடவுச்சீட்டைத் தொழில்தருநர் வைத்திருக்கக்கூடாது. அதற்கு அடுத்த வருஷம் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள். கட்டாரில் 2021 மார்ச் முதல் ஆகக் குறைந்த சம்பளம் 1000 றியால், வீட்டு வேலைக்காரருக்கும் சேர்த்து. உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்கு மேலதிகமாக 800 றியால்.

உங்கள் அம்மாவுக்கு இந்தக் குவைத் சட்டம் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். திரும்பி வந்த பெண்களிடம் நான் கேட்டபோது பலருக்குத் தெரியாது என்றே சொன்னார்கள். அவர்களிடம் ஒப்பந்தம் இருந்தது, அரபியில். ஒரு அம்மா அதைச் சொப்பிங் பேக்குக்குள் எட்டாக மடித்து, திருநீற்றுச் சரையோடு சேர்த்து வைத்திருந்தார். 4 வருஷம் பத்திரமாக வைத்திருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை. காத்தான்குடியில் அரபி படித்த ஒரு மௌலவியிடம் கொடுத்து வாசிப்பித்தோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் அந்த 4 வருஷத்தில் எடுத்த ஓய்வு, காய்ச்சலில் படுத்த 3 நாள்.

அனுப்பும் நாடுகள் தங்களுக்குள் பேசத் தொடங்கியது 2003இல், நம் கொழும்பில். அதனால்தான் அதற்குக் கொழும்புச் செயல்முறை என்று பெயர். இப்போது அதில் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், வியட்நாம் உட்பட 12 ஆசிய நாடுகள். தனித்தனியாகப் போய் என் ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுங்கள் என்று ஒருவரை ஒருவர் வெட்டாமல், சேர்ந்து பேசுவது நல்லது என்பது அதன் அடிப்படை. பின்னர் 2008இல் வளைகுடா நாடுகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்த அபுதாபி உரையாடல் வந்தது. இவற்றில் கட்டாயம் எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் மாதிரி ஒப்பந்தம், முகவர்களைத் தரம் பிரித்தல், போகும் முன் பயிற்சி போன்ற சின்னச் சின்ன விடயங்கள் இந்த மேசைகளில் பேசப்பட்டு வருகின்றன. பெரிய சமவாயத்தால் முடியாததில் கொஞ்சத்தை இந்தச் சிறிய மேசைகள் செய்கின்றன என்பது என் கணிப்பு.

இரண்டு பக்கமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தென் கொரியாதான் உதாரணம். 2004இல் தொடங்கிய அவர்களுடைய வேலை அனுமதி முறையில் இலங்கை ஆரம்பத்திலேயே சேர்ந்தது. அரசுக்கும் அரசுக்கும் நேரடி ஒப்பந்தம், நடுவில் தனியார் முகவர் இல்லை. கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அந்த நாட்டுத் தொழிற்சட்டம் போகிறவருக்கும் பொருந்தும், குறைந்தபட்சச் சம்பளமும் அதே சம்பளம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொரிய மொழி படிக்கிற பொடியன்மாரைப் பார்க்கிறோமே, அது ஒரு சர்வதேச ஒப்பந்தம் நம் தெருவுக்கு வந்து சேர்ந்ததன் அடையாளம். கொரியாவுக்கு ஏன் ஆள் வேண்டும்? அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 பிள்ளைதான். உலகிலேயே ஆகக் குறைந்த அளவுகளில் ஒன்று. நீங்கள் சனத்தொகைப் பாடத்தில் வரைகிற அந்த வயதுக் கூம்பு தலைகீழாக மாறும்போது கல்முனைப் பொடியனுக்கு விசா கிடைக்கிறது. சனத்தொகை, குடிப்பெயர்வு, அபிவிருத்தி மூன்றையும் ஒரே பாடமாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் கொரியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். தொழிற்சாலை வேலை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்ணுக்கு அப்படியொரு முறையை இன்னும் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நம் அரசு செய்ததையும் சொல்லவேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை உங்களுக்குத் தெரியும். 2005இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு 17 வயது, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றினார்கள். அந்த வருஷம்தான் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகமுடியாது என்றது அது. மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று காட்டவேண்டும், பிரதேச செயலகத்தில் கையெழுத்து வாங்கவேண்டும்.

எண்ணம் நல்லது. ஆனால் அந்தப் படிவங்களை நிரப்பிய கை என்னுடையது. ஒரு நாள் ஒரு பெண் இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு வந்தார். பிள்ளை அக்காவுடையது என்றார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாலுக்கு அழுதது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. 3 மாதத்துக்குப் பிறகு கேள்விப்பட்டேன், அவர் விசிட் விசாவில் போய்விட்டார் என்று. பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, எந்த வீட்டில் இருக்கிறார் என்றுகூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2022 நவம்பரில் ஓமானில் விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்களின் நிலை செய்தியாக வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பிள்ளையின் அழுகைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடு மகளுக்கு. பக்கத்து வளவில் அம்மம்மா, அடுத்த வளவில் சின்னம்மா. தமிழர் வீட்டிலும் அப்படித்தான், முஸ்லிம் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே தாய் இல்லாத காலத்தில் அம்மம்மா பிள்ளையைப் பார்ப்பது இங்கே புதிதாகச் செய்கிற ஏற்பாடல்ல. அந்த விதியை எழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. கணவர் குடித்துவிட்டுத் திரிகிற வீட்டில் கணவருடைய சம்மதக் கையெழுத்துக்கு அலையவைத்தார்கள். உண்மையில் பிள்ளைகளை வளர்த்த அம்மம்மாவின் பெருவிரல் அடையாளத்துக்கு அதே மதிப்பைக் கொடுக்கவில்லை. பெண்ணுக்கு மட்டும் தடை, ஆணுக்கு இல்லை என்பது கெய்ரோவில் சொன்னதற்கும் 1990 சமவாயத்துக்கும் நேர் எதிர் என்று பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவந்தன. பொருளாதாரம் விழுந்த 2022இல் அரசு அந்த விதியைத் தளர்த்தியது. டொலர் தேவைப்பட்டதால் தளர்த்தினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உரிமை என்று உணர்ந்து செய்திருந்தால் அதோடு பிள்ளைப் பராமரிப்புக்கும் ஏதாவது ஏற்பாடு வந்திருக்கும்.

வீடு பற்றிச் சொன்னேன் அல்லவா, அது நம் பக்கத்துக் குடிப்பெயர்வின் உயிர்நாடி. மகளுக்கு வீடு கட்டவேண்டும் என்பதற்காகவே தாய் போகிறாள், அண்ணன் கட்டாருக்குப் போகிறான். ஏறாவூரிலும் கிரானிலும் கூரை மட்டத்தில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற அரைக்கட்டு வீடுகள் எல்லாம் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் நிற்கிற வீடுகள். 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் வறுமை 4.1 வீதமாக இருந்தபோது மட்டக்களப்பில் 11.3 வீதம். பெரும்போகத்தில் கூலி வேலை கிடைக்கும், மற்ற மாதங்களில் கிடைக்காது. நுண்கடன்காரர் வாராவாரம் வாசலில் நிற்பார். அந்தக் கடனைக் கட்டப் போனவர்களும் நிறையப் பேர். மக்கள் போவது தெரிவாக இருக்கவேண்டும், வேறு வழியில்லாமல் இருக்கக்கூடாது என்ற கருத்தும் கெய்ரோவில் எழுதப்பட்டதுதான். சொந்த ஊரில் இருப்பதும் ஒரு தெரிவாக இருக்கும்படி செய்யவேண்டும் என்கிறது அந்த 10ஆம் அத்தியாயம். அதைச் செய்யவேண்டியது ஐ.நா. அல்ல, கொழும்பும் நம் மாகாணமும்தான்.

2018 டிசம்பரில் மொரோக்கோவின் மராகேஷில் ஏற்கப்பட்ட உலகளாவிய உடன்பாட்டைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் பரீட்சைக்கு வரும். பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான குடிப்பெயர்வுக்கான உடன்பாடு. 23 இலக்குகள். ஐ.நா. பொதுச் சபையில் 152 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, ஹங்கேரி, இஸ்ரேல், செக் குடியரசு, போலந்து ஆகிய 5 நாடுகள் எதிர்த்தன. 12 நாடுகள் வாக்களிப்பைத் தவிர்த்தன. சட்டரீதியாக யாரையும் கட்டாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் என்ன பயன் என்று கேட்பீர்கள். குடிப்பெயர்வின் எல்லாக் கட்டத்தையும், போகுமுன், போகும் வழி, இருக்கும் இடம், திரும்பி வருவது என்று, அனுப்பும் நாடும் எடுக்கும் நாடும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிய முதல் தடவை அது. 4 வருஷத்துக்கு ஒருமுறை நாடுகள் வந்து என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும். முதல் மீளாய்வு 2022இல் நடந்தது. கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் அதற்கு மேல் அதை உயர்த்திச் சொல்லமாட்டேன், அதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன்.

அந்த உடன்பாட்டில் ஒரு இலக்கு உங்கள் வீட்டுக்கு நேரடியாக வருகிறது. பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 வீதத்துக்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்பது அது. நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளிலும் இதே எண் இருக்கிறது. 200 டொலர் அனுப்பினால் உலகச் சராசரியில் இன்னும் 6 வீதத்துக்கு மேல் தரகுக்கும் நாணய மாற்றுக்கும் போகிறது. நம் மக்கள் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் வழிக்கு, போவது ஏன் என்பதை இதிலிருந்து பாருங்கள். 2021 கடைசியில் வங்கி ஒரு டொலருக்கு 200 ரூபாயைச் சுற்றிக் கொடுத்தது. உண்டியல்காரர் 240, 250 என்று கொடுத்தார், அதுவும் வீட்டுக்கே கொண்டுவந்து. நாடு முழுவதற்கும் 2020இல் 710 கோடி டொலராக இருந்த பணவரவு 2022இல் 380 கோடிக்கு விழுந்தது. ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்க விட்ட பிறகு 2024இல் 650 கோடியைத் தாண்டியது. தாய்மாரைத் தேசத்துரோகிகள் போலப் பேசியவர்கள் இருந்தார்கள். ஒரு டொலரில் 40 ரூபாய் கூடக் கிடைத்தால் அது ஒரு மாதத்தில் ஒரு பிள்ளையின் டியூஷன் காசு என்பதை அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு விடயம், உங்கள் பாடத்துக்கு இது முக்கியம். சர்வதேச ஒத்துழைப்பில் மிகவும் சத்தமில்லாமல் நடக்கிற பகுதி எண்ணுவது. ஐ.நா.வின் சனத்தொகைப் பிரிவு ஒவ்வொரு நாட்டின் தொகைமதிப்பையும் வாங்கி உலகக் கணக்கைத் தயாரிக்கிறது. 2022 நவம்பர் 15இல் உலகம் 800 கோடியைத் தொட்டது என்று சொன்னது அந்தக் கணக்குத்தான். ஆனால் நாமே எண்ணப்படாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1981க்குப் பிறகு 2001இல் தொகைமதிப்பு வந்தபோது அம்பாறையில் முழுமையாக எண்ணினார்கள், மட்டக்களப்பில் போரால் ஒரு பகுதியில்தான் முடிந்தது. 2012இல்தான் முழுக் கணக்கு. 31 வருஷம். அதற்கு நடுவில் இடப்பெயர்வு, சுனாமி, கனடாவுக்கும் சுவிஸுக்கும் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள், எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. பாடசாலை, ஆஸ்பத்திரி, நீர்க்குழாய் எதையும் எத்தனை பேருக்கு என்று தெரியாமல்தான் திட்டமிட்டோம். கல் ஓயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்துக்குப் பிறகு 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதிலிருந்து எண்ணிக்கை என்பது இந்தப் பக்கத்தில் அரசியலும்கூட. யார் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும். ஆகவே சரியான எண்ணிக்கை நம்மைப் போன்ற இடத்துக்கு மற்றவர்களைவிடக் கூடத் தேவை.

இப்போதைய எண்களும் யோசிக்கவைப்பவை. 2012இல் நாட்டில் ஒரு வருஷத்தில் 3 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் பிறப்புகள். 2024இல் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம். 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் 7.9 வீதம், 2024 தொகைமதிப்பில் 12.6 வீதம். அம்மம்மாமாரின் தொகை கூடுகிறது, அவர்களைப் பார்க்கவேண்டிய மகள்மார் ஜப்பானிலும் இஸ்ரேலிலும் அங்கத்தைய வயோதிபர்களைப் பார்க்கப் போகிறார்கள். இதுவரை அம்மம்மா பிள்ளையைப் பார்த்தார், தாய் போனாள். அம்மம்மாவையே பார்க்க ஆள் தேவைப்படும் காலத்தில் இந்த ஏற்பாடு எப்படி ஓடும் என்று யாரும் பேசுவதாக எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஆய்வுக்குத் தலைப்பு வேண்டுமென்றால் இதை எடுங்கள்.

கடைசியாக அம்மாவின் விடயம். போகவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, அது அவருடைய முடிவு. 7 மாதச் சம்பளத்தை விட்டுவிடவும் வேண்டாம். பழைய ஒப்பந்தம், விசா, குவைத் அடையாள அட்டையின் பிரதி, வங்கிக்கு வந்த பணத்தின் சிட்டைகள், அந்த வீட்டு எசமானியோடு வாட்ஸ்அப்பில் பேசியவை எல்லாவற்றையும் சேருங்கள். எந்த மாதம்வரை பணம் வந்தது என்பதைக் காட்ட வங்கிப் புத்தகமே போதும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து இலக்கம் வாங்குங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து எங்கே கொடுப்பது என்று கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்று இருக்கும் உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவு செய்து போயிருந்தால் வழி இலகு, குவைத்திலுள்ள நம் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு அது போகும்.

திரும்பப் போவதானால் முகவர் தரும் முற்பணத்தை எண்ணுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். முற்பணம் கைமாறிவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வராது, பலரை மாட்டிவைப்பது அந்தக் காசுதான். அரபியில் இருந்தால் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள், சம்பளம், ஓய்வு நாள், வேலை செய்யும் வீட்டின் முகவரி மூன்றும் அதில் இருக்கவேண்டும். விசிட் விசா என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் போட்டோ எடுத்து உங்கள் கைபேசியில் வையுங்கள், ஒன்றை அம்மம்மாவின் வீட்டிலும் வைத்துவிடுங்கள். விமானம் ஏறும்போது அம்மாவின் கையில் இருக்கும் பிரதி அங்கே போனதும் யார் கைக்குப் போகும் என்று சொல்லமுடியாது.